புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லை: ஆல்டர்னேட்டரை மாற்றணுமா?

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு):
பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, போட்டு ரொம்ப நாள் ஆகவில்லை. தினமும் எடுத்தால் பிரச்சினை இல்லை. மூன்று நாள் பேஸ்மெண்டில் நின்றால் டக் டக் சத்தம் மட்டும்தான், வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்தால் உடனே ஓடுகிறது. ஷெட்டில் ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) போச்சு என்கிறார்கள். நம்பலாமா?

பதில் 1:
அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள் சார். மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஸ்டார்ட் செய்த பிறகு 13.8 முதல் 14.5 வரை வந்து, ஹெட்லைட், ஏசி போட்டும் 13.5-க்கு மேல் நின்றால் சார்ஜிங் சரிதான். என்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றிச் சோதிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், வோல்டேஜ் எகிறி ஈசியூவே (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போகலாம்.

கேட்டவர்:
நின்ற வண்டியில் 11.9. ஓடும்போது 14.2, ஏசி போட்டாலும் 13.9.

பதில் 2:
அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது, நிற்கும்போது ஏதோ கரண்டைக் குடிக்கிறது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வையுங்கள், அப்போது சாவியைத் திருப்பவே கூடாது. கதவை மூடி அரை மணி நேரம் விட்டால் 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கணும். இறங்கவில்லையா, ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரில் கரண்ட் திரும்பி வராமல் தடுக்கும் டயோடு லீக் ஆகிறதோ என்று சந்தேகப்படலாம்.

கேட்டவர்:
350 மில்லி ஆம்பியர்! ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 30-க்கு வந்துவிட்டது. ஸ்டீரியோ கம்பெனி கொடுத்ததில்லை, வெளிக் கடையில் போட்டது.

பதில் 2:
கணக்கு பாருங்கள், 0.35 ஆம்பியர் வீதம் 72 மணி நேரம், மூன்று நாளில் 25 ஆம்பியர்-அவர் போகிறது, 35-இல் மிச்சம் என்ன இருக்கும்? ஸ்டீரியோவின் பின்னால் மஞ்சள் வயர் நேரடி சப்ளை, சிவப்பு சாவியோடு வருவது. போட்டவர் இரண்டையும் சேர்த்து முறுக்கியிருப்பார், அதனால் அது தூங்கவே இல்லை. சிவப்பைத் தனியாகப் பிரித்து இக்னிஷன் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பேட்டரியை ஒரு ராத்திரி சார்ஜரில் போடுங்கள், சில்க் போர்டு டிராஃபிக்கில் ஊர்ந்து போய் அது நிறையாது.