ஒன்றும் திருடு போகவில்லை, தூக்கம்தான் போய்விட்டது

ஸ்டோர்கீப்பர் திருச்சி:

கேள்வி பாதி கதவைப் பற்றியது, மீதி என்னைப் பற்றியது. யாரும் யாரையும் முகம் பார்க்காத இடம் என்பதால் எழுதுகிறேன். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற ரோட்டில், ஊர் முடிந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. நானும் என் மனைவியும் மட்டும்தான். மகன் சிங்கப்பூரில், மகள் ஓசூரில். ஒரு பக்கம் மனை காலி, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எதிரே ஒரே ஒரு வீடு. நான் பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவன்.

போன மாதம் ஒரு ராத்திரி, இரண்டரை மணி இருக்கும். கொல்லைப்பக்கம் சமையலறைக் கதவில் நறநறவென்று சத்தம். எலி என்று நினைத்தேன். அப்புறம் மரம் பிளக்கிற சத்தம். வேலைக்காலம் முழுக்க மரப்பெட்டிகளைக் கடப்பாரை போட்டுத் திறப்பதைக் கேட்டவன், உடனே புரிந்துவிட்டது. கத்த வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. கை கால் கட்டிப்போட்ட மாதிரி படுத்தே கிடந்தேன். என் மனைவிதான் எழுந்து எல்லா விளக்கையும் போட்டு, "எவன்டா அது" என்று ஒரு அதட்டு அதட்டினாள். எதிர் வீட்டிலும் விளக்கு எரிந்தது. கருவேலங்காட்டுக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

112-க்கு அடித்தோம், ரோந்து வண்டி வந்தது. கதவு திறந்திருக்கவில்லை. உள் தாழ்ப்பாளில் இருந்த நாலு திருகாணியில் மூன்று பிடுங்கிக்கொண்டு வெளியே நிற்க, ஒன்றே ஒன்று பிடித்திருந்தது. நிலை மரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. கைரேகைக்காரர்கள் வந்து வெளிர்நீலக் கதவில் கரும்பொடியைத் தடவிவிட்டுப் போனார்கள். மறுநாளே அவள் சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டாள். தாழ்ப்பாளின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

துக்கம் விசாரிக்க வருவதுபோல எல்லோரும் வந்தார்கள். "ஒன்னும் போகலையே, அதுவே பெரிசு. குலதெய்வம் காப்பாத்திடுச்சு." ஆளாளுக்கு இதையே சொல்கிறார்கள். என் மனைவி காபி போட்டுக் கொடுத்து, கதவைக் காட்டி, சிரித்துக்கொண்டே கதை சொல்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.

ஆனால் பொழுது சாய்ந்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. படுத்த பிறகு எழுந்து எழுந்து கதவைத் தொட்டுப் பார்க்கிறேன். கடைசியில் ஹாலில் நாற்காலி போட்டு, டார்ச்சும் ஒரு இரும்புக் கம்பியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். பால்காரர் மணி அடித்த பிறகுதான் கண் சொருகுகிறது. அவளோ குறட்டை விட்டுத் தூங்குகிறாள். ராத்திரி தாகம் எடுத்தாலும் சமையலறைப் பக்கம் போவதில்லை. இப்போதெல்லாம் தலைமாட்டிலேயே சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கிறது, அதனால் தப்பித்தேன்.

மகன் கேமரா போட்டுக் கொடுத்தான். அது இன்னும் மோசம். பூனை போனால் போன் கத்துகிறது, ஒன்றுமே இல்லாவிட்டாலும் கத்துகிறது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

வீட்டை விற்றுவிட்டு ஓசூர் வந்துவிடுங்கள் என்கிறாள் மகள். "என் முருங்கை இப்பதான் காய்க்குது, நான் எங்கேயும் வரமாட்டேன்" என்கிறாள் மனைவி. கதவை எப்படிச் சரி செய்வது, இந்தக் காவல் உட்காருவதை எப்படி விடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நாய் வளர்க்கச் சொல்லாதீர்கள், அவளுக்கு ஆகாது.

உளிச்சத்தம்:

அண்ணே, நான் காரைக்குடிப் பக்கம் தச்சு வேலை பார்க்கிறேன். கதவு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

நல்ல பூட்டு வாங்குங்கள் என்று பத்து பேர் சொல்வார்கள். உடைவது பூட்டு இல்லை, அதைப் பிடித்திருக்கிற மரம். உங்கள் தாழ்ப்பாளில் போட்டிருந்தது முக்கால் அங்குலத் திருகாணியாகத்தான் இருக்கும், பெரும்பாலான வீட்டில் அதுதான். கடப்பாரை நெம்பலுக்கு அது எம்மாத்திரம்? புதுத் தாழ்ப்பாளுக்குத் திருகாணியே வேண்டாம். கதவைத் துளைத்து முழு போல்ட்டு விட்டு, உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். வெளியே தெரிகிற தலை வழுவழுவென்று உருண்டையாக இருக்க வேண்டும், ஸ்பேனர் பிடிக்கக் கூடாது.

நிலைப் பிளவில் மரத்தூளும் பசையும் அடைத்து பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று எவனாவது வருவான். விடாதீர்கள். பார்க்கப் புதுசாக இருக்கும், மறுபடி நெம்பினால் அதே இடத்தில் வாய் பிளக்கும். நிலையையே மாற்றுவது உத்தமம், ஆனால் சுவரைக் கொத்த வேண்டும். அது வேண்டாமென்றால் பிளவுக்குள் பசை ஏற்றி, க்ளாம்ப் போட்டு இறுக்கிக் காயவிட்டு, அதன்மேல் இரண்டடி நீளத்துக்கு இரும்புப் பட்டை வைத்து, நிலையைத் தாண்டிச் சுவருக்குள் போகிற மாதிரி ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும்.

அதோடு ஒரு குறுக்குக் கம்பி போடுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் குறுக்குக் கட்டை இருக்கும், அதே வேலைதான். கதவின் இரண்டு பக்கமும் சுவரில் இரும்புக் கொக்கி, அதில் கம்பியைத் தூக்கி வைத்துவிட வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவுக்கு இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ஆனால் சாவி போட்டுப் பூட்டுகிற எதையும் உள்ளே வைக்காதீர்கள். சிலிண்டர் இருக்கிற அறை. ஒரு ஆபத்தென்றால் இருட்டில் கை வைத்ததும் எடுக்க வர வேண்டும். அண்ணி ஒரு கையால் தூக்குகிற எடை போதும்.

பழைய ஏட்டு:

ஐயா, காவல்துறையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்குக் கொடுத்தது சி.எஸ்.ஆர். ரசீதா (புகார் வந்தது என்பதற்கான சீட்டு), எஃப்.ஐ.ஆரா (முதல் தகவல் அறிக்கை) என்று எழுதவில்லை. "ஒன்றும் போகவில்லையே" என்று ரசீதோடு அனுப்பிவிடுகிற பழக்கம் உண்டு. உள்ளே வராவிட்டாலும், ஒரு பொருளும் போகாவிட்டாலும், முயற்சியே குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் வீடு புகுதலுக்கு 331-வது பிரிவு, முயற்சிக்கு 62-வது பிரிவு. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் விவரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. சண்டை போடச் சொல்லவில்லை. வழக்கு எண் இருந்தால் வேறொரு இடத்தில் அதே ஆள் சிக்கும்போது உங்கள் வீடும் கணக்கில் வரும்.

அப்புறம், ரோந்து போகிறவர்கள் வந்து கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் உங்கள் தெருவில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டிலோ எதிர் வீட்டிலோ வைக்கச் சொல்லி மனு கொடுங்கள்.

உங்கள் பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலையில் இருந்தபோதே அஞ்சல் வழியில் குற்றவியல் படித்தேன். ஒருமுறை குறி வைத்த வீட்டுக்குக் கொஞ்ச நாளைக்குள் மறுபடி வருவது உண்டு, நாளாக ஆக அந்த வாய்ப்பு குறையும் என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். 1980-களில் இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் கர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் இதை வைத்தே ஒரு திட்டம் போட்டார்கள். ஊர் முழுக்கப் பூட்டு மாட்டவில்லை. திருட்டு நடந்த வீட்டை மட்டும் பலப்படுத்தி, அதைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களை ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீடுகளில் காசு போட்டால் ஓடுகிற மீட்டர்கள் இருந்தன, திருடர்கள் அந்தக் காசுக்கே வந்தார்கள், அதையும் கழற்றினார்கள். திருட்டு நன்றாகக் குறைந்தது. உங்களுக்கு ஐந்தாறு வீடு இல்லை, ஒன்றுதான். அந்த எதிர் வீட்டுக்காரரிடம் போன் நம்பர் வாங்கி வையுங்கள். கருவேலத்தை வெட்ட மனைக்காரருக்குச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் ஊராட்சியில் மனு கொடுங்கள். அந்த மறைவு இல்லையென்றால் ஓடி ஒளிய இடமில்லை. உங்கள் கேமராவைவிட அது பெரிய காவல்.

செம்பருத்தி:

ஐயா, நாகர்கோவிலில் எங்கள் வீட்டிலும் நடந்தது. அப்போது அவர் மஸ்கட்டில், நானும் இரண்டு பிள்ளைகளும். எங்களுக்கும் ஒன்றும் போகவில்லை. "நகை தப்பிச்சுதே" என்று மாமியார் வீட்டில் கொண்டாடினார்கள். தென்னை மட்டை விழுந்தால் கூட நான் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வேன்.

நானும் ராத்திரி விழித்திருந்து பார்த்தவள்தான். காவல் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம், உண்மையில் ஒவ்வொரு ராத்திரியும் அதே ராத்திரியை உட்கார்ந்து பார்க்கிறோம். எனக்கு உதவியது இதுதான்: படுக்குமுன் ஒரே சுற்று. வாசல், ஜன்னல், கொல்லை, அதே வரிசையில். கை வைத்து, "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வேன். அதற்குப் பிறகு எழுந்து பார்ப்பதில்லை என்று கண்டிப்பு. முதலில் சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். பிறகு பழகியது. பகலில் வீட்டில் யாருமில்லாதபோது சும்மா உட்கார்ந்து கேட்டேன். ஃப்ரிட்ஜ் நிற்கும்போது ஒரு உதறல், தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு டக்கு. எது எதன் சத்தம் என்று தெரிந்த பிறகு ராத்திரி அவ்வளவு மிரட்டவில்லை.

சமையலறைக்கும் ஒரேயடியாக நடுராத்திரி போக வேண்டாம். எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அக்காவோடு அங்கே நின்று கொஞ்சம் பேசிக்கொண்டிருங்கள். பயம் கொஞ்சம் இறங்குகிற வரைக்கும் வெளியே வராதீர்கள். அப்புறம் ஒன்பது, பத்து என்று தள்ளுங்கள்.

ஒன்று கேட்கலாமா? தலைமாட்டில் சொம்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நிரப்பி வைப்பது யார்?

வயர்மேன் துறையூர்:

கேமரா முன்னால் சிலந்தி வலை இருக்கும், பாருங்கள். ராத்திரி கேமராவின் அகச்சிவப்பு ஒளியில் வலை பளிச்சென்று தெரியும், காற்றில் ஆடினால் ஆள் நடமாட்டம் என்று அலாரம் அடிக்கும். விட்டில் பூச்சியும் அப்படித்தான். வாரம் ஒருதரம் துடையுங்கள். செட்டிங்கில் மனித உருவத்துக்கு மட்டும் என்று இருந்தால் அதைப் போடுங்கள். உங்கள் போனில் அறிவிப்பை அணைத்துவிட்டு மகன் போனில் மட்டும் விடுங்கள். உங்களுக்கு இரண்டரை மணி என்றால் அவருக்கு ஐந்து, எழுகிற நேரம்தான். கொல்லையில் ஆள் அசைந்தால் எரிகிற சென்சார் விளக்கு ஒன்றும் மாட்டுங்கள்.

மணப்பாறைக்காரன்:

நாய் ஆகாதென்றால் இரண்டு கின்னிக்கோழி விடுங்கள். புது ஆள் வந்தால் ஊரையே எழுப்பும். பாம்பும் அண்டாது என்பார்கள்.

(பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் என்பது நல்லது. எங்கள் தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை.)

வார்டு சிஸ்டர்:

ஐயா, செவிலியராக இருக்கிறேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஆபத்தில் உடம்பு உறைந்துபோவது உடம்பின் வேலை, வீரம் கோழைத்தனம் எல்லாம் அதில் இல்லை. இதே சம்பவத்தில் ஒருவருக்குக் குரல் எழும், இன்னொருவருக்கு எழாது.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் இல்லை, சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள், இந்த வயதில் படபடப்பு எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதக் கூடாது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416-க்கு அடியுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவர் இருக்கிறார் என்று தூக்க மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். அந்த இரும்புக் கம்பியையும் நாற்காலிப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் என்ன ஆகும்?

ஸ்டோர்கீப்பர் திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. செம்பருத்தி அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அவளிடமே கேட்டேன். "நீங்க எழுந்து உட்கார்றது எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க ஹால்ல இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா தூங்குறேன்" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது சுற்று அவள் வருகிறாள், நான் பின்னாலேயே போகிறேன். கம்பி ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது.

ஏட்டையா, கொடுத்தது சி.எஸ்.ஆர். தான். திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். கேமராவில் ஒரு கூடை வலை இருந்தது. டாக்டரிடம் மகள் நேரம் வாங்கியிருக்கிறாள். நாற்காலி இன்னும் ஹாலில்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்; பாதி ராத்திரி கட்டிலில், பாதி ராத்திரி அதில்.

உளிச்சத்தம் தம்பி, இங்கே ஆசாரி வந்து பார்த்தார். குறுக்குக் கம்பிக் கொக்கிக்குப் பத்து எம்.எம். ஆங்கர் போதும் என்கிறார். சுவர் செங்கல், முக்கால் அடி. பத்தா, பன்னிரண்டா?

உளிச்சத்தம்:

செங்கல் சுவர் என்றால் பன்னிரண்டே போடுங்கள் அண்ணே, நீளமானதாக. கலவை இடுக்கில் அடிக்காமல் செங்கல்லின் நடுவில் துளை போடச் சொல்லுங்கள். செங்கல் பொடியாக உதிர்ந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஒரு வரி மேலே போகச் சொல்லுங்கள்.