காதல் நாவலில் பிரிவு வந்ததும் வாசகர் புத்தகத்தை மூடுவது ஏன்?

கேள்வி

காதல் நாவல்களுக்கு வரும் விமர்சனங்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது: "முதல் பாதி அருமை, அப்புறம் இழுவை." பெரும்பாலும் நாயகனும் நாயகியும் பிரிகிற இடத்தில்தான் இந்த அலுப்பு தொடங்குகிறது. பிரிவே இல்லாமல் எழுதினால் "சப்பென்று முடிந்துவிட்டது" என்கிறார்கள். சுமார் 70,000 சொல் வரும் நாவலில் பிரிவை எங்கே வைக்கலாம், எதனால் பிரியலாம்? எழுதுகிறவர்கள், நிறைய வாசிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

எங்கே என்பது அப்புறம். எதனால் என்பதை முதலில் பாருங்கள். இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீருமென்றால் அந்தக் காரணம் தாங்காது. நாயகன் வேறொரு பெண்ணை அணைத்துக்கொண்டதை நாயகி தூரத்திலிருந்து பார்க்கிறாள். அது அவன் தங்கை என்று பத்து அத்தியாயம் கழித்துத் தெரிகிறது. வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பத்தும் வெறும் காத்திருப்பு. அவரிடமும் மறைத்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம்.

இப்படி மாற்றிப் பாருங்கள். நாயகி யாரிடமும் உதவி கேட்காமல் வளர்ந்தவள். 3ஆம் அத்தியாயத்தில் காய்ச்சலோடு தனியாக மருத்துவமனைக்குப் போகிறாள். நாயகன் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்து பழகியவன். 6இல் அவளைக் கேட்காமலே அவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்கிறான், அவளும் சிரித்துக்கொள்கிறாள். 28இல் அவள் கடனை அவளுக்குத் தெரியாமல் அடைத்துவிடுகிறான். இனி விடியவிடியப் பேசினாலும் தீராது, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பதில் 2

அது சரிதான். ஆனால் பிரிவு இழுவையாவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் பாதியிலேயே இருக்கிறது. இவனை இவளுக்கு ஏன் பிடித்தது என்பதே கதையில் இருக்காது. "அவள் கண்களில் தொலைந்தான்" என்று நாற்பது முறை எழுதினாலும் அது எந்த ஜோடிக்கும் பொருந்துகிற வரி. கூட்டத்தில் யாரோ அவள் பேச்சை வெட்டும்போது, "அவங்க இன்னும் முடிக்கலை" என்று அவன் சொல்லட்டும். அவள் நெகிழ்ந்தாள் என்றெல்லாம் எழுத வேண்டாம். விட்ட இடத்திலிருந்து அவள் பேச்சைத் தொடர்ந்தால் போதும். இப்படி நாலைந்து இடம் இருந்தால்தான் பிரியும்போது எதையோ இழந்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று, ஒரே காட்சியை அவள் பார்வையில் ஒரு தடவை, அவன் பார்வையில் மறுபடி ஒரு தடவை எழுதுவது. அந்தக் காட்சியில் யாருக்கு இழப்பு அதிகமோ அவர் பார்வையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பதில் 3

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) மொத்தம் 61 அத்தியாயம். நாயகன் டார்சி, நாயகி எலிசபெத்திடம் முதன்முதலில் காதலைச் சொல்வது 34இல், பாதியைத் தாண்டியதும். எலிசபெத் மறுப்பதற்கான காரணங்கள் எல்லாம் அதற்குள் வாசகருக்குத் தெரியும்: அக்காவின் காதலை அவன் கலைத்தது, விக்கம் என்ற இளைஞனுக்கு அவன் செய்ததாகச் சொல்லப்படும் அநியாயம், அவனுடைய திமிர். அடுத்த அத்தியாயத்திலேயே டார்சியின் விளக்கக் கடிதம் வந்துவிடுகிறது. தவறான எண்ணத்தை வைத்து ஆஸ்டின் கதையை ஓட்டவில்லை. மீதிக் கதையில் இருவரும் மாறுகிறார்கள்.

பிறகு எலிசபெத்தின் தங்கையோடு ஓடிப்போகிற விக்கம் அவளை மணக்க வேண்டுமென்று, அவன் கடனை டார்சி அடைப்பதும் ரகசியமாகத்தான். முதல் பதிலில் பிரித்துவைத்த அதே செயல் இங்கே சேர்த்துவைக்கிறது. ஏனென்றால் அங்கே அது நாயகனின் பழைய குறையின் தொடர்ச்சி. இங்கே டார்சி தன் அகந்தையை விழுங்கிக்கொண்டு, தான் வெறுக்கும் ஆளிடமே பேரம் பேசப் போகிறான்.

நாயகனே நாயகியை வதைக்கிற ஆன்டி ஹீரோ கதைகள் சொதப்புவதும் இதில்தான். 30 அத்தியாயம் வதைத்தவன் ஒரு பத்தி அழுது மன்னிப்புக் கேட்டால் நாயகி வேண்டுமானால் மன்னிப்பாள், வாசகி மன்னிக்க மாட்டாள். அவனுக்கு எது பெரிதோ அதை அவன் விட வேண்டும். அதுவும் அவள் திரும்பி வருவாளா என்று தெரியாத நிலையில்.

கேள்வி கேட்டவர்

நன்றி. இடத்துக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்ல முடியுமா?

பதில் 1

70,000 சொல் என்றால் பிரிவு 52,000–53,000 வாக்கில், சேர்வது 62,000 சுமாரில். பிரிந்திருக்கிற பகுதி 10,000 சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் இருவரும் தனித்தனியே ஏதாவது செய்ய வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து பழசை அசைபோட்டுக்கொண்டிருந்தால் வாசகர் பக்கம் தள்ள ஆரம்பித்துவிடுவார். சேர்ந்த பிறகு இரண்டே பக்கத்தில் முடித்தால் "அவசரமா முடிச்சிட்டாங்க" என்ற விமர்சனம் நிச்சயம். மீதி 8,000 சொல் அதற்காகத்தான். கடைசியில் வரும் எபிலாக்கில் (முடிவுரையில்) நேராகக் குழந்தைக்குத் தாவாமல், மறுபடி ஒரு பணமுடை வந்து, இந்தத் தடவை அவன் அவளிடம் கேட்டுவிட்டுச் செய்வதைக் காட்டலாம்.

பதில் 2

நகைச்சுவைக் காதல் கதைக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். 40,000 சொல்லில் முடிகிற கதைக்கு ஒரு ராத்திரி பிரிந்திருந்தாலே போதும்.