பயாலஜிக் மருந்துக்குப் பின் உங்கள் ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராமில் நிற்கிறது?

மதுரை உறுப்பினர்:

உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோய்க்கு, உயிருள்ள செல்களில் தயாராகும் பயாலஜிக் மருந்து ஏற்றிக்கொண்டவர்களிடம் பலன் இருந்ததா என்று கேட்டால், "பரவாயில்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறவர் எதையும் தீர்மானிக்க முடியாது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கிறேன்: மருந்தைத் தொடங்கிய நாளில் தினமும் எத்தனை மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தீர்கள், இன்று எத்தனை எடுக்கிறீர்கள்? என் கணக்கு 40-இல் தொடங்கியது, இப்போது 5.

எனக்கு 26 வயதில் கால் வீக்கமும், சிறுநீரில் சோப்புத் தண்ணீர் போன்ற நுரையும் வந்தன. சிறுநீரகத் திசு ஆய்வில் நான்காம் வகை லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது லூபஸால் வந்த சிறுநீரக அழற்சி என்று தெரிந்தது. மைக்கோஃபினோலேட்டும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் இரண்டு ஆண்டுகள் நோயை ஓரளவு பிடித்து வைத்திருந்தன. ஆனால் ஸ்டீராய்டை 15-க்குக் கீழே இறக்கும்போதெல்லாம் நோய் தலைதூக்கும், மாத்திரை மறுபடி 40-க்கு ஏறும். மூன்றாம் முறை அப்படி ஏறியபோது சிறுநீரில் கசியும் புரதத்தைக் காட்டும் விகிதம் 3.8 ஆக இருந்தது (இது குறைந்தால் நல்லது). அப்போதுதான் மருத்துவர் ரிட்டுக்ஸிமாப் என்ற பயாலஜிக் பற்றிப் பேசினார்.

மருந்துக்கு முன் ஹெப்படைட்டிஸ் பி, காசநோய் ஆகிய இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். 1 கிராம் வீதம் 15 நாள் இடைவெளியில் இரண்டு டிரிப். முதல் டிரிப்பின் முதல் மணி நேரத்திலேயே தொண்டை அரிக்கத் தொடங்கியது. உடனே நிறுத்தி, ஊசி போட்டு, அரை மணி நேரம் கழித்து வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றினார்கள். காலையில் போனவள் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வீடு திரும்பினேன். இரண்டாவது டிரிப்பில் எதுவும் ஆகவில்லை.

முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் தெரியாததால் நான் ஏறக்குறைய நம்பிக்கை இழந்துவிட்டேன். மூன்றாம் மாதம் விகிதம் 2.1, ஆறாம் மாதம் 0.7. ஸ்டீராய்டைப் படிப்படியாக இறக்கி 5-க்கு வர எட்டு மாதம் ஆனது. பதினான்காம் மாதத்தில் டிஎன்ஏ எதிர்ப்பொருள் ஏறி, சி3 என்ற காம்ப்ளிமென்ட் புரதம் இறங்கி, நோய் மறுபடி கிளம்பும் அறிகுறி தெரிந்ததால் இன்னொரு முறை ஏற்றினோம். இதை நான் தோல்வியாக நினைக்கவில்லை. மருந்து அழித்த பி செல்கள் (எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளணுக்கள்) திரும்ப முளைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. இடுப்பு மூட்டின் எலும்பு, ரத்த ஓட்டமின்றி இற்றுப்போய்விட்டது. அது 40 மில்லிகிராம் ஆண்டுகளின் மிச்சம். பயாலஜிக் அதைத் திருப்பித் தராது.

இலண்டன் உறுப்பினர்:

அக்கா, என்னுடையது 20-இலிருந்து 5. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவள். எனக்குச் சிறுநீரகத்தில் நோய் இல்லை, மூட்டிலும் தோலிலும்தான். 2011-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பெலிமுமாப் என்ற பயாலஜிக்கை வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் வயிற்றில் நானே ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் எரிச்சல் குறைவு.

இங்கே இந்த மருந்து கேட்டவர்க்கெல்லாம் கிடைப்பதில்லை. நோயின் தீவிரத்தை அளக்கும் ஸ்லெடாய் புள்ளி 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். தொடங்கிய பின் 24 வாரத்தில் குறைந்தது 4 புள்ளி இறங்காவிட்டால் அரசுச் செலவில் தொடர மாட்டார்கள். எனக்கு 12 இருந்தது: மூட்டு வீக்கத்துக்கு 4, தோல் தடிப்பு, முடி உதிர்வு, குறைந்த காம்ப்ளிமென்ட், டிஎன்ஏ எதிர்ப்பொருள் ஆகியவற்றுக்குத் தலா 2. இருபதாம் வாரம்வரை மணிக்கட்டு வீக்கம் வற்றவே இல்லை. மருந்து பிடிக்கவில்லை என்பதைவிட, மருந்தைப் பறித்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் அந்த மாதம் உறக்கம் கெட்டது. பரிசோதனை நாளுக்கு இரண்டு வாரம் முன்பு வீக்கம் வற்றி, தடிப்பும் மறைந்து, புள்ளி 6-க்கு இறங்கியது.

வைத்தியரின் கணக்கில் நான் தேறிவிட்டேன். ஆனால் களைப்புக்கு அந்தப் பட்டியலில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் என்னால் எதையும் கிரகித்துப் படிக்க முடிவதில்லை. மருந்துக்கு முன்பும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். முகத்தின் ஊதல் போய், பழைய புகைப்படத்தில் இருந்த பெண் கண்ணாடியில் திரும்பி வந்திருக்கிறாள் என்பது உண்மை. அவள் களைத்த பெண் என்பதும் உண்மை.

தஞ்சாவூர் உறுப்பினர்:

அம்மா, உங்கள் கேள்விக்கு என் மகளின் பதில்: 30-இல் தொடங்கி, ஆறு மாதத்துக்குப் பிறகும் 30. பயனடைந்தவர்களின் அனுபவம் மட்டும் இங்கே பதிவானால் படிப்பவர்களுக்குத் தவறான கணக்கு கிடைக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அவளுக்கு 19 வயது. நான்காம் வகையும் ஐந்தாம் வகையும் சேர்ந்த சிறுநீரகப் பாதிப்பு. காப்பீட்டு நிறுவனம் ஒன்று, ரிட்டுக்ஸிமாப் லூபஸுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல என்று காரணம் காட்டிக் கோரிக்கையைத் திருப்பி அனுப்பியதால், அவள் திருமணத்துக்கென்று வைத்திருந்த நகையில் கொஞ்சம் விற்று அந்த மருந்தை ஏற்றினோம். புரதம் குறையவில்லை. மாறாக, கிருமிகளை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் அளவு இறங்கி, நான்கு மாதத்தில் இரண்டு முறை நிமோனியா வந்தது. பிறகு 15 நாளுக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு டோஸ் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தார்கள். பழைய, விலை மலிவான மருந்து. அதில்தான் விகிதம் 1-க்குக் கீழே வந்தது. இப்போது 7.5 மில்லிகிராமில் இருக்கிறாள். புதிய மருந்து என்பதாலேயே அது அவளுக்கும் பொருந்தும் என்று நான் நம்பியது தவறு. அவளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அப்படி வாக்குக் கொடுக்கவும் இல்லை.

சென்னை உறுப்பினர், டிரிப் பிரிவில் செவிலியர்:

ஐயா, உங்கள் மகளைப் போன்றவர்கள் அரிதல்ல. ரிட்டுக்ஸிமாப்பை லூபஸில் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகளும், 2010-இல் வெளியான எக்ஸ்ப்ளோரரும் 2012-இல் வெளியான லூனாரும், தம் முதன்மை இலக்கை எட்டவில்லை. இருந்தும் நம் ஊரில் அது பெரிதும் பயன்படுவதற்கு, டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-இலேயே அதன் இந்தியத் தயாரிப்பைக் கொண்டுவந்ததும், வேறு மருந்துக்கு அடங்காத பலருக்குக் கண்ணெதிரே அது கேட்டதும் காரணம். முறைப்படி வென்ற பெலிமுமாப்பின் சிறுநீரக ஆய்விலும், பங்கேற்ற 448 பேரில், பெலிமுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 104-ஆம் வாரம் பலன் கண்டவர்கள் 43 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 32 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவுதான். நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். நிமோனியா தடுப்பூசியை ரிட்டுக்ஸிமாப்புக்குச் சில வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பி செல்கள் போன பிறகு போட்டால் எதிர்ப்பு சரியாக உருவாகாது. இண்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதத்தின் வழியைத் தடுக்கும் இன்னொரு லூபஸ் பயாலஜிக்கான அனிஃப்ரோலுமாப்பில் அக்கி வருவது கூடுதல். எங்களிடம் வந்த ஒரு பெண்ணுக்கு அக்கி வந்தபோது, வீட்டார் குயவரிடம் கூட்டிப் போய்க் காவியில் சிங்கம் எழுதிக்கொண்டு, நான்கு நாள் கழித்தே அழைத்து வந்தார்கள். அக்கி எழுதுவதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் பாட்டியும் எழுதிக்கொண்டவர்தான். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மதுரை உறுப்பினர்:

தஞ்சாவூர் ஐயா, மகளின் இம்யூனோகுளோபுலின் அளவை இப்போதும் தொடர்ந்து பார்க்கிறார்களா என்று எழுதுங்கள். என்னுடையதை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார்கள், அது போதுமா என்று இதைப் படித்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. இலண்டன் தங்கையே, களைப்பு எனக்கும் போகவில்லை.

வரும் மாதம் 5-ஐ 2.5 ஆக இறக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கடந்த மூன்று முறையும் இறக்கும்போதுதான் விழுந்தேன் என்பதால் கை தயங்குகிறது. சிறுநீர்ப் பரிசோதனையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்வதாகப் பேசி ஒத்துக்கொண்டிருக்கிறேன். முதல் முடிவு வந்ததும் விகிதத்தை இங்கேயே பதிகிறேன்.