மாலை போட்டு 41 நாள் தொடாதவனுக்கு உடம்பில் என்ன அடிமைத்தனம்?

கீழவாசல் செந்தில்:
போதையில் உடல் அடிமைத்தனம் வேறு, மன அடிமைத்தனம் வேறு என்கிறார்கள். குடியைப் பொறுத்தவரை முக்கால்வாசி மனசுதான் என்பது என் கட்சி. எங்கள் தெருவில் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுகிறவர்களில் பாதிப் பேர் வருஷம் முழுக்க டாஸ்மாக் வாசலில் நிற்கிறவர்கள். மாலை கழுத்தில் ஏறிய நிமிஷத்திலிருந்து ஒரு மண்டலம் தொட மாட்டார்கள். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. உடம்பு கேட்டிருந்தால் ஐயப்பனுக்காக அது சும்மா இருந்திருக்குமா? இப்படிப்பட்ட ஆட்களை மாதக்கணக்கில் போதை மறுவாழ்வு மையத்தில் அடைத்துப் போட்டு, நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மனசுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

செவிலி மலர்:
மறுப்பு இருக்கிறது அண்ணா. அரசு மருத்துவமனை ஒன்றில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன். கார்த்திகை முதல் வாரத்தில் கருப்பு வேட்டியோடும் மாலையோடும் ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களை நீங்கள் பார்த்ததில்லை. கை நடுங்கும், சட்டை வேர்வையில் ஊறியிருக்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார்கள். வீட்டில் 'சாமி வந்திருக்கு' என்று நினைத்து விபூதி பூசி உட்கார வைத்திருப்பார்கள்.

நடப்பது இதுதான். மூளையை அடக்கி வைக்கும் காபா என்ற சமிக்ஞையை மது கூட்டுகிறது, தூண்டிவிடும் குளுட்டமேட்டைக் குறைக்கிறது. வருஷக்கணக்கில் குடித்தால் மூளை அதற்கு எதிராகத் தன்னை மாற்றிக்கொண்டு ஈடுகட்டும். ஒரு நாள் மது திடீரென்று நின்றால், அடக்குவதற்கு ஆள் இல்லாமல் அந்த ஈடுகட்டல் மட்டும் மிஞ்சி நிற்கும். கடைசியாகக் குடித்து ஆறு எட்டு மணி நேரத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாள் கழித்து டெலிரியம், அதாவது புத்தி பேதலித்து இல்லாததைக் காணும் நிலை. வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிர் போகும். ஹெராயினை நிறுத்துகிறவன் வாந்தி, பேதி, எலும்பு வலி என்று துடிப்பான்; ஆனால் அதனால் சாவது அபூர்வம். சாராயத்துக்கும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைக்கும் அப்படி இல்லை. சட்டென்று நிறுத்தினாலே ஆபத்து.

உங்கள் தெருக்காரர்கள் தாங்கினார்கள் என்றால் அவர்கள் வேலை முடிந்து சாயங்காலம் குடிக்கிற ரகமாக இருக்கலாம். விடிந்ததும் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டீ கிளாஸைப் பிடிக்க முடியும் என்கிறவர்கள் வேறு ரகம். இருவரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். உடல், மனம் என்று பிரித்துப் பார்ப்பதால்தான் எங்களால் உயிரைக் காப்பாற்ற முடிகிறது.

அகத்தியன்:
மலர் சொன்ன மருத்துவத்தை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பிரிவினையை நம்பியே ஒரு தலைமுறை ஏமாந்திருக்கிறது. கொகெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். மனநோய்களை வகைப்படுத்தி 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட மூன்றாவது கையேட்டில் மதுவுக்கும் ஹெராயினுக்கும் 'சார்பு நிலை' என்ற நோய் இருந்தது; கொகெய்னுக்கு இல்லை. காரணம், நிறுத்தினால் நடுக்கமோ வாந்தியோ வருவதில்லை. உடம்பு கேட்கவில்லை, ஆகவே அது வெறும் பழக்கம். அடுத்த சில வருஷங்களில் 'கிராக்' என்ற புகைக்கும் கொகெய்ன் அமெரிக்க நகரங்களைப் புரட்டிப் போட்டது. 1987-ல் திருத்திய பதிப்பில்தான் கொகெய்ன் சார்பு நிலையைச் சேர்த்தார்கள்.

'மனசுதான்' என்ற சொல்லின் விலை இது. குடும்பம் அதைக் கேட்டவுடன் 'அப்போ வேணும்னேதான் பண்றான்' என்று முடிவு கட்டிவிடும். சூதாட்டத்தில் ரத்தத்துக்குள் எதுவுமே போவதில்லை. ஆனாலும் 2013-ல் வந்த ஐந்தாவது கையேடு அதை அடிமைத்தன நோய்களின் வரிசையில் வைத்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டு உயிரை விட்டவர்களை நம் ஊரிலேயே பார்த்தோம். அவர்களில் யாருக்கும் கை நடுங்கியிருக்காது.

கீழவாசல் செந்தில்:
அகத்தியன் சார், நீங்கள் பேசப் பேச என் கட்சிதான் பலமாகிறது. வியட்நாம் போர் கணக்கு தெரியுமல்லவா? 1971-ல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஹெராயின் தண்ணீராய்ப் புழங்கியது. லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஊர் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து ஆய்வு செய்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். அப்படி அடிமையானவர்களில் ஊருக்கு வந்த முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தாலும் 12 சதவீதம்தான். பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையும் இல்லை. உடம்புதான் பிடித்து வைத்திருந்தது என்றால், விமானம் ஏறினதும் விட்டுவிடுமா?

அகத்தியன்:
தெரியும். அந்த முடிவை அப்போது யாரும் நம்பவில்லை, ராபின்ஸைத்தான் குடைந்தார்கள். ஆனால் அது மன உறுதிக்குச் சாட்சி இல்லை, செந்தில். அந்தப் பையன்கள் ஊர் திரும்பியதும் திடீரென்று மன உறுதி பெற்றுவிடவில்லை. காடு இல்லை, பயம் இல்லை, மலிவான சரக்கு இல்லை, கூட உட்கார்ந்து புகைத்தவன் இல்லை. இடம் மாறியது.

இடம் என்பது மனசு சம்பந்தப்பட்டது மட்டும்தானா? கனடாவில் ஷெப்பர்ட் சீகல் 1982-ல் வெளியிட்ட எலிச் சோதனையைப் பாருங்கள். எலிகளுக்கு ஓர் அறையில் வைத்து ஹெராயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு ஒரு நாள் மிகப் பெரிய அளவு. பழகிய அறையில் வாங்கியவற்றில் 32 சதவீதம் செத்தன. அதே பழக்கமுள்ள எலிகள் வேறு அறையில் வாங்கியபோது 64 சதவீதம் செத்தன. முன்பின் ஹெராயினே காணாதவை கிட்டத்தட்ட எல்லாமே, 96 சதவீதம், செத்தன. மருந்து ஒன்று, அளவு ஒன்று, மாறியது அறை மட்டும். அறையைப் பார்த்ததும் உடம்பு எதிர்ப்புக்குத் தயாராகிறது. இதை உடல் என்பீர்களா, மனம் என்பீர்களா? எனக்கு இரண்டுக்கும் நடுவே கோடு தெரியவில்லை. இல்லாத கோட்டை வைத்துக்கொண்டு வைத்தியத்தை ஒரு பக்கமும் அறிவுரையை ஒரு பக்கமும் பங்கு போட்டதுதான் நாம் செய்த வேலை.

போடி ராஜேஸ்வரி:
கோடே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் சார். என் அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது அந்தக் கோடு தெரியாதவர்கள்தான் அவரை வலியில் வைத்திருந்தார்கள். மார்ஃபின் எழுதிக் கொடுத்தும், 'கடைசி காலத்தில் அம்மாவைப் போதைக்கு அடிமையாக்கப் போறியா' என்று பெரியப்பா மாத்திரையை ஒளித்து வைத்தார். அம்மாவின் உடம்பு மார்ஃபினுக்குப் பழகியிருந்தது உண்மை. நேரம் தப்பினால் வேர்க்கும், கொட்டாவி வரும். ஆனால் ஒரு நாளும் அதற்காக அவர் ஏங்கவில்லை, கூடுதலாகக் கேட்கவில்லை. வலி இல்லாத நேரத்தில் பேரனோடு பேசினார், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அகத்தியன் சார் காட்டும் அதே ஐந்தாவது கையேடு, மருத்துவர் சொன்னபடி மருந்து எடுப்பவருக்கு உடல் பழகுவதையும் நிறுத்தினால் வரும் உபாதையையும் அடிமைத்தனத்தின் அடையாளமாக எண்ணக் கூடாது என்கிறது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு இந்த நாட்டில் மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிப் போனது. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல வருஷம் போராடித்தான் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் கதறிக்கொண்டே போயிருப்பார்கள்! உடம்பு பழகுவதும் போதைக்கு அடிமையாவதும் ஒன்று என்று நினைத்ததன் பலன் அது.

பழைய பஸ்ஸ்டாண்ட் குமார்:
எல்லோரும் படித்ததைச் சொல்கிறீர்கள். நான் குடித்தவன், இப்போது குடிக்காதவன். செந்தில் தம்பி சொன்ன மாலையை நானும் போட்டிருக்கிறேன். முதல் நாலஞ்சு நாள் நடுங்கும், சோறு இறங்காது, தூக்கம் கிடையாது. அப்புறம் உடம்பு லேசாகிவிடும். பசி எடுக்கும், முகம் தெளியும், பெண்டாட்டி சிரிப்பாள். ஒரு மண்டலம் முழுக்க உடம்பு ஒரு சொட்டுகூடக் கேட்காது. ஆனால் மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றுகிற அன்றைக்கு, வீட்டுக்குப் போகிற வழியிலேயே கால் கடைப் பக்கம் திரும்பும். தம்பி, நீ அந்த 41 நாளைப் பார்த்து 'உடம்பில் ஒன்றும் இல்லை' என்கிறாய். நான் 42-வது நாளைப் பார்த்துச் சொல்கிறேன், உடம்பு எப்போதோ விட்டுவிட்டது, விடாதது வேறு.

அது 'வெறும் மனசு' என்றால் அடிக்கத்தான் தோன்றுகிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால், கூலி கைக்கு வந்தால், பழைய கூட்டாளியின் வண்டிச் சத்தம் கேட்டால் வாயில் எச்சில் ஊறும். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஊறும். எச்சில் மனசா, உடம்பா? எனக்குப் பிடிப்பாக இருந்தது ஏஏ கூட்டம், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதே ஆறு மணிக்கு உட்கார ஒரு நாற்காலி, 'எனக்கும் அப்படித்தான்' என்று சொல்ல நாலு பேர்.

கீழவாசல் செந்தில்:
குமார் அண்ணே, மாலை போட்டிருக்கும்போதும் அதேதானே? சாயங்காலம் பஜனை, சுற்றிலும் சாமிமார், 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடும் ஊர். கடைக்காரனே கொடுக்க யோசிப்பான். ஊரும் கூட்டமும் சேர்ந்தால் பிடித்து நிறுத்த முடிகிறது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். மாலை கழன்றதும் அந்தக் கூட்டம் கலைந்து போகிறதே, அதைப் பற்றி எந்த டாக்டர் சீட்டில் எழுதுகிறார்?

செவிலி மலர்:
எழுதுவதில்லை, அது எங்கள் குறைதான். தையமின் என்ற வைட்டமின் ஊசி போடுகிறோம், நடுக்கத்தை அடக்கும் லிப்ரியம் மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம், நடுக்கம் நின்றதும் படுக்கை வேண்டுமென்று வீட்டுக்கு அனுப்புகிறோம். ஹெராயின் போன்றவற்றில் இது இன்னும் மோசம். உடம்பின் தாங்கும் சக்தி போன பிறகு பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் போதை மிஞ்சிச் சாகும் ஆபத்து மற்றவர்களைப்போல 129 மடங்கு இருந்ததாக 2007-ல் வந்த ஆய்வு சொல்கிறது. உடம்பு சுத்தமானதே அவர்களுக்கு எமனாகிவிட்டது.

ஆனால் அகத்தியன் சார், கோட்டை அழித்துவிட்டால் முதல் வாரத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாமல் போகும். அதற்கு நான் ஒப்ப மாட்டேன். செந்தில் அண்ணா, உங்கள் ஊர் குருசாமியை உங்களுக்குத் தெரியும்தானே? மாலை கேட்டு வருகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? இல்லாததைப் பார்த்தோ கேட்டோ பயந்ததுண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்து வரட்டும். பைசா செலவில்லை. நடுக்கத்தை அங்கே முடித்துவிட்டுப் போய் மாலை போடலாம்.

அகத்தியன்:
அந்தக் கேள்விகளை நானும் ஏற்கிறேன். நாலாவதாக ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள்: மாலை கழற்றிய மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு யாரோடு இருப்பாய்?