மறுமொழி: 'பேட்டில் டேமேஜ்' - போர்ச்சேதமா, களவடுவா, விழுப்புண்ணா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா இந்த இழைய படிச்சுக்கிட்டு தான் இருக்கேன், உக்காந்து எழுத இன்னிக்கு தான் முடிஞ்சுது. பழைய ராணுவ ஹெல்மெட் சேக்கறவங்க, சண்டையில பட்ட அடிய 'பேட்டில் டேமேஜ்'னு சொல்றாங்க, அதுக்கு நம்ம சொல் பட்டியல்ல தமிழ்ல என்ன போடறதுங்கறது தான் கேள்வி, இதுவரை முக்கியமா மூணு சொல் வந்திருக்கு. என் வீட்ல ரெண்டாம் உலகப்போர் காலத்து ஜெர்மன் ஹெல்மெட் ஒண்ணு, எம்40னு பேர், இருக்கு, அத மேசை மேல வச்சு மூணையும் வாய்விட்டு சொல்லிப் பாத்தேன்.

போர்ச்சேதம்னா எனக்கு இடிஞ்ச பாலமும் எரிஞ்ச ஊரும் தான் கண்ணுக்கு வருது, ஒரு இரும்புத் தொப்பில இருக்க விரல் நுழையற ஓட்டைக்கு அது ரொம்ப பெரிய சட்டை. களவடு, அதாவது போர்க்களத்துல பட்ட வடு, எழுத்துல நல்லா இருக்கு, ஆனா சொல்லும்போது களவு தான் காதுல விழுது. இந்த இழையில அக்கா ஒருத்தர் சொன்ன விழுப்புண் மனச தொட்டுச்சு, 776வது குறள்ல வர்ற சொல், முகத்துலயும் மார்புலயும் வாங்குன புண்ணுனு உரை சொல்லுது. ஆனா அது மனுசன் உடம்புக்கு உரியது. அதவிட முக்கியம், ஓட்டைய பாத்த உடனே விழுப்புண்ணுனு சொல்லிட்டா விசாரணைக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதின மாதிரி ஆயிடும். இந்தத் துறையில நடக்கற ஏமாத்து வேலை எல்லாம் சரியா அந்த இடத்துல தான் நுழையுது.

என் எம்40 கதைய சொல்றேன். விக்கிறவர் சண்டையில குண்டு துளைச்சதுனு சொல்லி தான் கொடுத்தார், ஓட்டை இல்லாத ஹெல்மெட்ட விட விலையும் கூட. பத்து மடங்கு லென்ஸ் வாங்கி பாத்தப்போ ஓட்டையோட உதட்டுல, அதாவது இரும்பு வெட்டுப்பட்ட அந்த தடிமன்ல, பச்ச பெயிண்ட் வழிஞ்சு உள்ள இறங்கியிருந்துச்சு. அப்போ ஓட்டை முதல்ல, பெயிண்ட் அப்புறம். குண்டு பட்டிருந்தா அது பட்ட இடத்த சுத்தி பெயிண்ட் சில்லுசில்லா தெறிச்சு போயிருக்கணும், இரும்பு உள்பக்கமா மடங்கியிருக்கணும், வெளிய போன இடத்துல இதழ் மாதிரி வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கணும், அந்த விளிம்புல இருக்க துருவும் ஹெல்மெட்டோட மத்த துருவும் ஒரே வயசா, கருத்து இறுகிப் போய் இருக்கணும், ஆசிட் ஊத்தி வரவழைச்ச துரு மாதிரி ஆரஞ்சு பொடியா உதிரக்கூடாது. அடுத்தது உள்பட்டை, அதாவது தலையில படற உள்பக்க தோல். ஜெர்மன் ஹெல்மெட்ல எட்டு நாக்கு வச்ச தோல் இருக்கும், மூணு ஆணில ஓட்டோட, அதாவது வெளி இரும்புக் கூட்டோட, பிடிச்சிருக்கும். ஓட்டுல ஓட்டை இருக்கு, அதுக்கு நேர் பின்னாடி தோல் ஒரு கீறல் கூட இல்லாம இருக்குனா ஒண்ணு தோல அப்புறமா மாத்தியிருக்காங்க, இல்ல தோல் இல்லாத வெறும் இரும்பு ஓட்ட கம்பத்துல மாட்டி சுட்டிருக்காங்க. தையல் நூல அல்ட்ரா வயலட் விளக்குல காட்டினா வெள்ளையா பளிச்சுனு மின்னிச்சுனா அது போருக்குப் பின்னாடி வந்த வெளுப்பு சாயம் கலந்த நூல். என் ஹெல்மெட்ல தோலும் முழுசா இருந்துச்சு, நூலும் மின்னிச்சு. ரெண்டு நாள் எனக்கு சாப்பாடே இறங்கல, காசுக்காக மட்டும் இல்ல, நெசமான ஓட்டை ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு பையனோட தலை இருந்திருக்கு, அத கடைசரக்கா செஞ்சு விக்கறாங்களேனு.

அதனால என் யோசனை, கண்ணுக்கு தெரியறதுக்கு முதல்ல வெறும் 'வடு'னு மட்டும் பேர் வைப்போம். துளையோ பள்ளமோ கிழிசலோ, எல்லாம் வடு. விசாரிச்சு முடிச்ச பிறகு தான் முன்னால ஒட்டு. சண்டையில தான் பட்டதுனு தேறினா போர்வடு. அப்புறம் பட்டதுனா பின்வடு.

பின்வடுவ நான் தனியா வைக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. 1945க்கு அப்புறம் ஜெர்மனில சாமான் தட்டுப்பாடு, மிஞ்சிப்போன ஹெல்மெட்டுல வரிசையா ஓட்டை போட்டு காய்கறி வடிகட்டுற சல்லடையா ஆக்கினாங்க, நீளமா பிடி வச்சு சாணித்தண்ணி மொள்ற அகப்பையா வச்சுக்கிட்டாங்க. அந்த ஓட்டையில பொய் எதுவும் இல்ல, அதுவும் ஒரு வரலாறு தான். அமெரிக்க ராணுவத்தோட எம்1 ஹெல்மெட் ஓட்டு விளிம்புல வர்ற வெடிப்பும் அப்படித்தான், தகட்ட அச்சுல அழுத்தி உருவாக்கினப்போ உள்ள தங்கின இறுக்கம் பின்னாடி பிளந்துக்கிட்டு வருது, அத பீரங்கி சில்லு பட்டதுனு விக்கிறத எத்தனையோ தடவ பாத்திருக்கேன்.

ஏமாத்தணும்னே உண்டாக்கினதுக்கு மட்டும் பொய்வடு. ட்ரில் போட்ட ஓட்டை சுத்த வட்டமா பிசிறோட இருக்கும், சுத்தி இரும்பு மடங்காது, அது கொஞ்சம் சுலபம். கஷ்டம் எதுனா பழைய நெசமான இரும்பு ஓட்ட இன்னிக்கு நெசமான துப்பாக்கில சுடறது. அங்க உலோகம் சரியா தான் மடங்கும், துருவும் பெயிண்ட் அடுக்கும் உள்பட்டையும் தான் சாட்சி சொல்லணும்.

அய்யா ஒருத்தர் 'சான்றுவடு'னு போட்டிருந்தார், அத நான் ஏத்துக்கல, மன்னிக்கணும். சான்று வெளியில இருந்து வரணும், எந்த வீட்டுப் பரண்ல கிடைச்சுது, யார் கொண்டு வந்தாங்கனு. அதுக்கு 'வந்தவழி'னு பேச்சுத்தமிழ்லயே சொல் இருக்கு, அது போதும். வடுவுக்குள்ளயே சான்ற திணிச்சா வந்தவழிய யாரும் கேக்க மாட்டாங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. மண்ணுல பல வருஷம் புதைஞ்சு கிடந்து தோண்டியெடுத்த ஹெல்மெட்ல துரு அரிச்சு சின்னச்சின்ன ஓட்டை விழும், விளிம்பு பேப்பர் மாதிரி மெலிஞ்சு முடியும், எந்தப் பக்கமும் மடங்காது. அத பின்வடுலயே சேக்கறதா, 'மண்வடு'னு தனியா வைக்கறதா? நான் தனியா வைக்கணும்ங்கற கட்சி. பட்டியல்ல போர்வடு, பின்வடு, பொய்வடு மூணையும் இன்னிக்கு ராத்திரி ஏத்திடறேன், மண்வடுக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க கருத்த போட்டுடுங்க.