ஜப்பானில் கோடைக் காகிகோரி: எங்கே சாப்பிட்டீர்கள், எப்படி இருந்தது?

நான் நிக்கோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொச்சிகி மாநிலத்து மலையூர். கடை வாசலில் நீல அலைகளுக்கு மேல் சிவப்பில் ஒரே எழுத்து போட்ட வெள்ளைத் துணி தொங்கினால் உள்ளே காகிகோரி, அதாவது சீவிய ஐஸ், உண்டு என்று அர்த்தம்.

நிக்கோவின் பெருமை குளத்தில் உறைந்த ஐஸ். குளிர்காலத்தில் ஊற்று நீரைத் தேக்கி, தானாக மெல்ல மெல்ல உறைய விடுகிறார்கள். மேலே விழும் இலையையும் பனியையும் பெருக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மழை பெய்தால் பட்ட பாடெல்லாம் வீண். சுமார் 15 செ.மீ. கனம் வந்ததும் அறுத்து, மரத்தூள் போட்டுக் கோடை வரை கிடங்கில் வைக்கிறார்கள்.

நான் வாங்கியது தொச்சியோதோமே என்ற ரக ஸ்ட்ராபெர்ரிப் பாகு ஊற்றியது. ஐஸ் நாக்கில் பட்டதும் காணாமல் போகிறது, தலையும் சுரீரென்று வலிக்கவில்லை. இயற்கை ஐஸின் மகிமை என்பார்கள். எனக்கென்னவோ, சீவுவதற்கு முன் ஐஸைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து இளக விடுவதுதான் பாதிக் காரணம் என்று படுகிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு சீவினால் பொடிப்பொடியாக உதிரும். மேல்பக்கம் பளபளவென்று ஈரமான பிறகு சீவினால்தான் மெல்லிய ஏடாக வரும்.

ஒரே குறை, ஸ்ட்ராபெர்ரி அங்கே குளிர்காலத்திலும் வசந்தத்திலும் காய்ப்பது. ஆகஸ்டில் கிண்ணத்துக்கு வருவது சேமித்து வைத்த பழம்தான். ருசியில் குறையில்லை, ஆனால் அந்த மாதத்துப் பழம் இல்லையே!

* * *

அந்த மாதத்துப் பழம்தான் வேண்டுமென்றால் யமனாஷி மாநிலத்துக்குப் போங்க. ஜூலை, ஆகஸ்டில் அங்கே பீச் கொட்டிக் கிடக்கும். நான் போன கடையில் காலையிலேயே வரிசைச் சீட்டு தீர்ந்துவிட்டது. அதை வெளியே எழுதி வைக்கவும் இல்லை. வெயிலில் நின்ற பிறகுதான் சொன்னார்கள். எரிச்சலோடு வேறு கடைக்குப் போனேன். அங்கே தோலுரித்த பீச்சை அப்போதே அரைத்து ஊற்றினார்கள் (வைத்திருந்தால் பழுப்பாகிவிடும்). அடியில் பாகில் வேகவைத்த துண்டுகள். சர்க்கரை கம்மி, பழ வாசனை தூக்கல். 1,500 யென். ஐஸுக்கு இவ்வளவா என்று முதலில் தோன்றியது, பாதி கிண்ணத்தில் அந்த எண்ணம் போய்விட்டது.

கண்டென்ஸ்ட் மில்க் பிடிக்கும் என்றால் ககோஷிமா ஊரின் ஷிரோகுமா என்ற காகிகோரி: மில்க், பழத்துண்டு, இனிப்புப் பயறு எல்லாம் உண்டு. எனக்கு அது கொஞ்சம் திகட்டல்.

* * *

பழக் கோஷ்டிக்கு நடுவில் என் கதை வேறு. யமகதா மாநிலத்தில் யமனோபே என்று ஒரு சிற்றூர். யமகதா என்றால் பனி ஞாபகம் வரும், ஆனால் 1933 ஜூலை 25 அன்று யமகதா நகரில் 40.8 டிகிரி அடித்தது. 2007 வரை அதுதான் ஜப்பானின் உச்சம். அந்த வெயில் பூமியில், யமனோபேக்காரர்கள் ஐஸ் மேல் ஊற்றுவது வினிகர் கலந்த சோயா சாஸ்! தொக்கொரோத்தென் என்ற கடற்பாசி ஜெல்லிக்கும் இதே மாதிரி கலவைதான்.

முதல் வாய் புளிப்பு, அப்புறம் உப்பு. மூன்றாவது வாயில் பழகிவிட்டது. வியர்த்து வந்து உட்கார்ந்தவனுக்கு உப்பும் புளிப்பும் இறங்கிய அளவுக்கு எந்தப் பாகும் இறங்கியதில்லை. கூட வந்த நண்பர் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு ஸ்ட்ராபெர்ரிக்கு மாறிவிட்டார். யாராவது போனால் சிறிய கிண்ணமாகக் கேளுங்கள்.