வளர்ந்த பெண் டரான்டுலாவுக்கு முப்பது மடங்கு விலை: நியாயமா, கொள்ளையா?

எட்டுக்கால்:
இரண்டு வருடமாகச் சிலந்தி வளர்க்கிறேன். இருப்பவை இரண்டே. அடுத்ததாக மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டரான்டுலா, அதாவது பிராக்கிபெல்மா ஹமோரி, வளர்ந்த பெண்ணாக ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தேன். விலையைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அதே ஆளிடம் அதே இனத்துக் குஞ்சு என்ன விலை என்று கேட்டேன். ஒரு பெண்ணின் விலைக்கு முப்பது குஞ்சு வாங்கலாம்!

ஒரு முட்டைப்பையில் நூற்றுக்கணக்கில் பொரிக்கிறது. பெரிய சிலந்திக்கு வாரத்துக்கு ஒரு பூச்சி போதும். வெளிச்சம் வேண்டாம், நடத்திக் கூட்டிப் போக வேண்டாம், குரைக்காது. பிறகு எதற்கு முப்பது மடங்கு? என் கட்சி இதுதான்: இது செலவைப் பார்த்து வைத்த விலை இல்லை, ஆசைப்படுகிறவன் முகத்தைப் பார்த்து வைத்த விலை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

முட்டைப்பை:
இருக்கிறது. பத்து வருடமாக இனப்பெருக்கம் செய்கிறேன், அதனால் உங்கள் கொள்ளைக்காரர் பட்டியலில் நானும் உண்டு.

"நூற்றுக்கணக்கில் பொரிக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். பெண் முதிர்ந்திருக்கும் அதே சமயத்தில் முதிர்ந்த ஆண் ஒன்று கிடைக்க வேண்டும். ஆண் முதிர்ந்துவிட்டால் அதன் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டு, சில சமயம் கொஞ்சம் கூட. என்னிடம் ஆண் இல்லையென்றால் வேறொரு வளர்ப்பாளரிடம் கடன் வாங்கி, பொரிக்கும் குஞ்சில் பாதியைக் கொடுக்க வேண்டும். சேர்க்கையிலேயே ஆணைப் பெண் தின்றுவிடலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் முட்டையிடுவதற்கு முன் பெண் சட்டை உரித்துவிட்டால் போச்சு. விந்தைச் சேமித்து வைக்கும் பையின் உள்ளுறையும் சட்டையோடு கழன்று வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். முட்டைப்பை கட்டிய பிறகும் ஏதாவது தொந்தரவு என்றால் தாயே அதைத் தின்றுவிடும். என் முதல் மூன்று முட்டைப்பைகள் அப்படித்தான் வந்த வழியே திரும்பிப் போயின. புனைபெயர் வந்த கதை அதுதான்.

சரி, பொரித்துவிட்டது. ஒன்றையொன்று தின்னும் என்பதால் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனி டப்பா. முந்நூறு டப்பாவையும் திறந்து, ஈரம் பார்த்து, பூச்சியின் காலைக் கிள்ளிப் போட்டு மூட வேண்டும். அப்புறம் மறுபடி முதல் டப்பா. அதனால்தான் குஞ்சை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். குஞ்சு விலை என்பது இடத்தைக் காலி செய்யும் விலை. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு பெண்ணின் விலையை அளந்தால் எதுவும் கொள்ளையாகத்தான் தெரியும்.

எட்டுக்கால்:
நீங்கள் சொன்ன கஷ்டம் எல்லாம் குஞ்சு பிறக்கும் வரைக்குமான கஷ்டம் அண்ணா. அதெல்லாம் குஞ்சின் விலையில் அல்லவா ஏற வேண்டும்? நான் கேட்பது குஞ்சுக்கும் பெண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி. அந்தத் தூரத்தில் நடப்பது என்ன? கிரிக்கெட் பூச்சி, தண்ணீர்க் கிண்ணம், காத்திருப்பு. என்னிடம் இருக்கும் கிராமோஸ்டோலா வகை டரான்டுலா ஐந்து மாதமாக எதையும் தொடவில்லை. கொழுத்துத்தான் இருக்கிறது. இதை வளர்க்க ஆகும் செலவு அதன் பெட்டி விலைக்குக் கூட வராது.

முட்டைப்பை:
காத்திருப்பு என்பதை ஒரு வார்த்தையாகச் சொல்லிவிடலாம், ஆறேழு வருடமாக வாழத்தான் கஷ்டம். ஹமோரி பெண் முதிர அவ்வளவு காலம் ஆகும். அதற்குள் வீடு மாறியிருப்பீர்கள், வேலை மாறியிருப்பீர்கள், டப்பா அதே அலமாரியில் இருக்கும். இன்னொரு கணக்கு: பத்துக் குஞ்சை வளர்த்தால் ஏறக்குறைய ஐந்து ஆணாகப் போகும். வருடக்கணக்காகத் தீனி போட்ட ஆண் முதிர்ந்து ஓராண்டில் செத்துப்போகும், அதை யாரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை. வழியில் இரண்டு சட்டை உரிக்கும்போது மாட்டிக்கொண்டு சாகும். ஆக, கையில் நிற்கும் பெண் மற்றவற்றின் செலவையும் தலையில் சுமக்கிறது.

முப்பது மடங்கு அதிகம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். நான் அவ்வளவு கேட்டதில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு மடங்கு கேட்பவனைக் கொள்ளைக்காரன் என்று சொல்லாதீர்கள்.

இரவுப்பூச்சி:
இரண்டு பேரும் பெண் பெண் என்கிறீர்கள். அது பெண்தான் என்று யார் சொன்னது?

எனக்கு நடந்ததைக் கேளுங்கள். "வளர்ந்த பெண்" என்று சொல்லி, பாதி விலைக்கு ஒருவர் கொடுத்தார். மலிவாகக் கிடைத்ததே என்று நான்கு பேரிடம் பெருமை அடித்தேன். நான்கு மாதம் கழித்து மல்லாந்து படுத்துச் சட்டை உரித்தது. எழுந்து நின்றபோது கால் நீண்டு, வயிறு சிறுத்து, முன்காலில் இரண்டு கொக்கி! வாயோரத்துச் சிறு கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டிருந்தது. முதிர்ந்த ஆண். பத்து மாதத்தில் கதை முடிந்தது. விற்றவரைக் கேட்டால், "எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றார். பாதி விலைக்கு வாங்கியது எனக்குப் பத்து மடங்கு விலை.

சட்டைக்காரன்:
இரவுப்பூச்சி சொன்னதுதான் இந்த விவாதத்தின் மையம் என்பேன். பெண் இருபது வருடத்துக்கு மேல் வாழும், ஆண் அதில் கால்வாசி. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஆயுளின் வித்தியாசம். ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் பாதி "இது பெண்" என்ற உறுதி. அந்த உறுதிக்கு ஆதாரம் உரித்த சட்டை.

வயிற்றுப் பகுதியின் சட்டையை விரித்து, முன்பக்கப் புத்தக நுரையீரல் (தாள் அடுக்கு போன்ற மூச்சு உறுப்பு) இரண்டுக்கும் நடுவில் உள்பக்கமாகப் பார்த்தால், பெண்ணுக்கு விந்துப்பை ஒரு சிறு மடல் போலத் தெரியும். பெரிய சிலந்தி என்றால் கண்ணுக்கே தெரியும், சின்னது என்றால் நுண்ணோக்கி வேண்டும். உயிரோடு இருக்கும் சிலந்தியின் அடிவயிற்றைப் படம் பிடித்துச் சொல்வதும் உண்டு, நானும் சொல்வேன், தப்பாகவும் சொல்லியிருக்கிறேன். சிறிய சிலந்தியை அப்படிப் பார்த்துச் சொல்வது பூவா தலையா போடுவதற்குக் கொஞ்சம் மேல்.

அதனால் என் அளவுகோல் எளிது. சட்டையைக் காட்டினால் பெண் விலை கொடுங்கள். "பெண்ணாகத்தான் இருக்கும்" என்றால் பாலினம் தெரியாத சிலந்தியின் விலைக்கு ஒரு காசு மேலே கொடுக்காதீர்கள்.

எட்டுக்காலுக்கு இன்னொன்று. முப்பது மடங்கு பிடிக்கவில்லையா, நான்கு குஞ்சு வாங்குங்கள். நான்கும் ஆணாகப் போக வாய்ப்பு பதினாறில் ஒன்று. நான்கின் விலையில் ஒரு பெண் ஏறக்குறைய உறுதி.

முட்டைப்பை:
கூடவே ஆறு வருடமும் :)

வேடிக்கை பார்ப்பவள்:
நான் வளர்ப்பதில்லை, படிப்பேன், பார்ப்பேன். எல்லோரும் விலை அதிகமா என்றே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் மலிவு விலையைப் பார்த்துத்தான்.

மெதுவாக வளரும் இனத்தில் வளர்ந்த பெண் ஒன்று மலிவாக வருகிறது என்றால், அந்த ஆறேழு வருடத்தை விற்பவர் செலவழிக்கவில்லை என்று அர்த்தம். காடு செலவழித்திருக்கிறது. வளையைத் தோண்டி எடுத்து வந்ததை நீங்கள் சொல்லும் "செலவுக் கணக்கு" போட்டு விற்றால் எல்லாவற்றையும் விட மலிவாகத்தான் இருக்கும். எட்டுக்கால் தேடும் நியாய விலை அதுதானா?

பிராக்கிபெல்மா பேரினத்துக்கே இந்தக் கதி வந்துதான் 1985இல் ஸ்மிதி இனமும் 1994இல் முழுப் பேரினமும் சைட்ஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தில், நாடு விட்டு நாடு விற்க அனுமதி கேட்கும் இரண்டாம் பட்டியலில் ஏறின. இந்திய, இலங்கைக் காடுகளின் மரவாழ் டரான்டுலாப் பேரினமான பொயிசிலோதீரியாவுக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு இணைய விற்பனைப் பட்டியல்களையும் இறக்குமதிப் பதிவுகளையும் அலசி, சிலந்தி, தேள் உள்ளிட்ட 1,264 எட்டுக்காலி இனங்கள் வணிகத்தில் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. பெண்ணைத் தோண்டி எடுத்தால், அது இனி இட இருந்த முட்டைப்பை அத்தனையும் சேர்ந்துதான் போகிறது. விலை ஏறட்டும் என்பேன் நான்.

முட்டைப்பை:
காட்டிலிருந்து பிடித்ததை வாங்காதீர்கள் என்பதில் நான் உங்கள் பக்கம். அதை வாங்குகிறவருக்கும் நஷ்டம்தான். வயிற்றுக்குள் ஈயின் புழுவோடு வரும், வாயில் வெள்ளையாக நூற்புழுவோடு வரும், ஒரு நாள் காரணமே தெரியாமல் கால் மடங்கிக் கிடக்கும்.

ஆனால் "விலை ஏறட்டும்" என்பதில் ஒத்துக்கொள்ள மாட்டேன். காட்டுக்குள் ஆளை அனுப்புவதே உயர்ந்த விலைதான். 2019இல் போர்னியோவின் சரவாக் பகுதியிலிருந்து நீலக்கால் சிலந்தி ஒன்றை பைரூப்பீஸ் என்று புதுப் பேரினமாக வர்ணித்தார்கள். அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோன சிலந்திகளை வைத்துத்தான் வர்ணித்தார்கள் என்று பெரிய சர்ச்சை ஆனது. நீலம், புதுசு, யாரிடமும் இல்லை: இந்த மூன்றுக்கும் காசு கொட்ட ஆள் இருந்தால் பிடித்து வரவும் ஆள் இருக்கும். விலையை இறக்குவது நாங்கள்தான், டப்பா டப்பாவாகக் குஞ்சு வளர்த்து. பொயிசிலோதீரியா மெட்டாலிகா காட்டில் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் மிக அருகிய நிலையில் இருக்கிறது. ஆனால் வளர்ப்பில் அதன் குஞ்சு, ஆரம்பத்தில் விற்ற விலையின் சிறு பங்குக்கு இன்று கிடைக்கிறது. திருடிப் பிடிக்கிறவனுக்கு அந்த மலிவுதான் எதிரி.

வேடிக்கை பார்ப்பவள்:
அந்த முதல் ஜோடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காத வரைக்கும் நல்ல வாதம்.

முட்டைப்பை:
கேட்டால் பல இனங்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அதை மறைக்கவில்லை. என் பிராக்கிபெல்மாக்களுக்கு மூன்று தலைமுறைக் காகிதம் இருக்கிறது.

எட்டுக்கால்:
காட்டில் பிடித்ததை மலிவாகக் கொடு என்று நான் எங்கேயும் கேட்கவில்லையே அம்மா. ஆனால் நீங்கள் சொன்னது உறைத்தது. விற்பவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே "கடைசி விலை என்ன" என்பதுதான். எங்கே பிறந்தது என்று கேட்கவே இல்லை.

இன்னொரு சந்தேகம். அதே இனத்தை ஒருவர் "ஸ்மிதி" என்று போட்டுக் கூடுதல் விலை சொல்கிறார். இரண்டும் ஒன்றா?

சட்டைக்காரன்:
வேறு வேறு இனம், ஆனால் பெயர்க் குழப்பம் பெரிது. வளர்ப்பாளர்கள் பல காலமாக ஸ்மிதி என்று வைத்திருந்ததில் பெரும்பகுதி ஹமோரி என்று 2017இல் தெளிவானது. அதோடு அனிதா என்ற இனப்பெயரில் விற்றது ஸ்மிதியாகிப் போனது. பழைய சீட்டை மாற்றாமல் அப்படியே விற்கிறவர்கள் உண்டு, அரிது என்று காட்டச் சீட்டை மாற்றுகிறவர்களும் உண்டு. சும்மா "சிவப்பு முழங்கால்" என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பவே வேண்டாம். பெயரில் குழப்பம் இருந்தால் குறைந்த விலை எதுவோ அதைக் கொடுங்கள்.

இரவுப்பூச்சி:
பெட்டியோடு சேர்த்து விற்கும் தொகுப்பிலும் ஏமாறாதீர்கள். வெப்பக் கல், சிவப்பு விளக்கு, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பஞ்சு: மூன்றும் குப்பை. பஞ்சு நாறும், கல் சிலந்தியை வறுக்கும். அனுப்பும் கூலியையும் முதலிலேயே கேளுங்கள். ஒரே ஒரு குஞ்சு என்றால் கூலி குஞ்சை விட அதிகம். உயிரோடு வந்து சேர யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டுக்கால்:
விற்பவரிடம் மறுபடி பேசினேன். எங்கே பொரித்தது என்று கேட்டேன், நான்கு வருடத்துக்கு முன் அவரிடமே பொரித்தது என்றார். அப்படியென்றால் இன்னும் முழுதாக முதிரவில்லையே என்றேன். கொஞ்சம் நேரம் பதில் இல்லை. பிறகு தானாகவே விலையை முப்பது மடங்கிலிருந்து பதினான்குக்கு இறக்கினார். அந்த வேகத்தைப் பார்த்தால் என் முதல் பதிவு முழுத் தப்பு என்று தோன்றவில்லை.

முட்டைப்பை:
அந்த ஆள் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. என் விஷயத்தில் இல்லை.

எட்டுக்கால்:
சரி, சண்டை வேண்டாம் அண்ணா. கடைசியாக உரித்த சட்டை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். எங்கோ எடுத்து வைத்திருக்கிறாராம், நசுங்கிக் காய்ந்து கிடக்கிறதாம், அனுப்புகிறேன் என்கிறார். வந்ததும் பிரித்துப் படம் போடுகிறேன்.

சட்டைக்காரன்:
காய்ந்ததை அப்படியே பிரிக்காதீர்கள், கிழிந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் நன்றாக ஊற வையுங்கள். துவண்டதும் வயிற்றுப் பகுதியை மட்டும் மெல்லிய தூரிகையால் விரித்து, பின்னாலிருந்து வெளிச்சம் வைத்துப் படம் எடுங்கள். உள்பக்கத்தை எடுங்கள், வெளிப்பக்கத்தை அல்ல. அதுவரை பணம் அனுப்பாதீர்கள்.